ஆலங்காயம் கடையில் ஆறு பெட்டி ஒயின்

1. லோடு வந்த நாள்

டெப்போ வண்டியிலிருந்து பிராந்திப் பெட்டிகளை எல்லாம் இறக்கி முடித்துவிட்டேன் என்று நினைத்தபோது, அடியில் இன்னும் ஆறு பெட்டிகள் இருந்தன. வைக்கோல் திணித்த பெட்டிகள்.

"இது நம்முது இல்லப்பா," என்றேன் டிரைவரிடம்.

"பில்லுல கீது பாரு," என்றான்.

பார்த்தேன். இருந்தது. ஆறு பெட்டியும் ஒயின்.

மதுவிலக்கு விலகிக் கடைகள் திறந்த புதிது அது. ஆலங்காயத்தில் மலைக்குப் போகும் சாலையோரம் இருந்த கடையில் நான் சேல்ஸ்மேன். பிராந்தி, ரம், பீர், எப்போதாவது விஸ்கி. இவ்வளவுதான் எங்கள் சரக்கு. ஒயின் வேண்டும் என்று அதுவரை ஒருவரும் கேட்டதில்லை, நாங்களும் வாங்கி வைத்ததில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு பிராண்டு உண்டு. ஆள் படியேறும்போதே என் கை அந்த பாட்டிலுக்குப் போய்விடும். எந்த பாட்டில் என்று கேட்டால்தான் அவர்களுக்குக் கோபம் வரும்.

முதலாளி வந்து பெட்டிகளைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "டெப்போக்காரன் தலையில கட்டிட்டான் கோபாலு. இத எடுத்தாத்தான் பிராந்தி குடுப்பேன்றான். பேசியே ஆள மயக்கறவனாச்சே நீ, எப்டியாவது தள்ளிடு," என்றார்.

அவர் சொன்னது உண்மை. கவுண்டரில் நான் பெரிய வாயாடி. லாரிக்காரர், புளி வியாபாரி, மலைமேல் நட்சத்திரம் பார்க்கும் ஆபீசில் வேலை செய்பவர்கள் என்று யார் வந்தாலும் அவரவருக்கு ஒரு கதை வைத்திருப்பேன். கடையிலிருந்து பார்த்தால் ஜவ்வாது மலை முழுக்கத் தெரியும். மாலையில் அது நீலமாகி, பிறகு சாம்பலாகி, பிறகு இல்லாமலே போய்விடும். கூட்டம் இல்லாத நேரத்தில் அதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். என் மனைவி சரோஜா அங்கே மேலே இருந்தாள்.

என் வீட்டு விஷயத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். சரோஜா பள்ளிக்கூட டீச்சர். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆலங்காயத்தில் என்னோடு இருந்தாள். நான் வேலை முடிந்து வருவேன், சாப்பிடுவேன், தூங்கிவிடுவேன். ஒருநாள், காவலூர் பள்ளிக்கு மாற்றல் கேட்டு வாங்கியிருப்பதாகச் சொன்னாள். மலையிலிருந்து இறங்குவதற்கு எல்லாரும் சிபாரிசு தேடிக்கொண்டிருந்த காலத்தில், இவள் கேட்டு வாங்கிக்கொண்டு மேலே போனாள். சண்டை இல்லை, அழுகை இல்லை. நான் குடிப்பவன் அல்ல, ஆனால் என் சட்டையில் எப்போதும் பிராந்தி வாடை இருக்கும். அந்த வாடைக்காகத்தான் போய்விட்டாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு. அன்று பஸ் ஏறி மேலே போவேன், புதன் காலை முதல் பஸ்ஸில் இறங்குவேன். போகும்போதெல்லாம் காய்கறி வாங்கிப் போவேன். அவள் திரும்பி வருவாளா, இல்லை இப்படியே காய்கறி சுமந்துகொண்டிருக்க வேண்டியதுதானா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

2. கோவிந்தன் கேட்டது

ஒயினை முதலில் வாங்கியவர் கோவிந்தன். மலையிலிருந்து புளி ஏற்றும் லாரி டிரைவர். தினமும் ஒரே பிராந்தி, அதிலும் ஒரே அளவு.

"அண்ணே, புதுசா ஒண்ணு வந்துருக்குது. பிராந்தி மாதிரிதான், கலர் மட்டும் செவப்பு. வெலயும் பாதிதான்," என்று அவிழ்த்துவிட்டேன்.

எங்கள் பக்கம் குடிக்கும் முறை தெரியுமல்லவா? தரையில் ரெண்டு சொட்டு விடுவார்கள், மூக்கைப் பிடிப்பார்கள், நின்றபடியே ஒரே மடக்கு. உடனே ஊறுகாய். கோவிந்தன் ஒயினையும் அப்படித்தான் குடித்தார். கார்க்கைத் திறக்கத் தெரியாமல் ஸ்குரூ டிரைவரால் குத்தி உடைத்து, தக்கைத் தூளோடு டம்ளரில் ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கு. பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். ஊறுகாயைக்கூடத் தொடவில்லை.

"இன்னா நைனா இது? ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல. புளித்தண்ணிய குடிச்சா மாரி கீது."

"பழகணும்ணே."

"நீ குடிச்சிப் பாத்தியா?"

அத்தனை நாள் கவுண்டரில் நின்றும் ஒரு சொட்டுகூட நாக்கில் வைக்காதவன் நான். பிராந்தியை விற்க அதைக் குடித்துப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை, கேட்பவனுக்கே தெரியும். யாருக்கும் தெரியாத சரக்கை எனக்கும் தெரியாமல் எப்படி விற்பது? கோவிந்தன் மீதி பாட்டிலை என் பக்கமே தள்ளிவிட்டு, வழக்கமான பிராந்தியை வாங்கிக்கொண்டு போனார்.

இன்னொரு பிசகும் நடந்தது. பெட்டிகளை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழே, பரண்மேல், பிராந்தி அடுக்குவதுபோல நிற்கவைத்து அடுக்கியிருந்தேன். பங்குனி வெயில். ஒரு பெட்டி முழுக்கக் காடியாகிவிட்டது. திறந்தால் மூக்கில் அடித்தது. மீதியை இறக்கி, தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் ஈர மண்ணில் படுக்கவைத்தேன். படுக்கவைத்தால்தான் கார்க் காயாது என்று பிற்பாடு டெப்போ ஆள் சொன்னான். முன்னாலேயே சொல்லியிருக்கலாம், மகராசன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை முருங்கைக்காய்க்கும் கத்திரிக்காய்க்கும் நடுவில் ஒரு சிவப்பு ஒயின் பாட்டிலைச் சொருகிக்கொண்டு பஸ் ஏறினேன். காவலூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எங்காவது உட்கார்ந்து ஒரு வாய் ருசி பார்த்துவிட்டு, மீதியைக் கொட்டிவிட்டுப் பிறகு வீட்டுக்குப் போவதாகத் திட்டம்.

3. மேகம் வந்த மாலை

மலைப்பாதையில் பஸ் ஒவ்வொரு வளைவாக ஏறும்போது வெயில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று விழும். பாதி வழியில் ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்தது. முன் சீட்டில் இருந்தவரின் தலை மறைந்து, மறுபடி தெரிந்தது. மடியில் இருந்த பை மட்டும் நிஜம், மற்றதெல்லாம் யாரோ தூக்கத்தில் காண்பது என்று தோன்றியது.

இறங்கினால், மழைக்குப் பயந்து குடையோடு சரோஜாவே பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தாள். என் திட்டம் அங்கேயே முடிந்தது. பையை வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து காயை எடுத்து வைத்தவள் கையில் பாட்டில் வந்தது.

"இன்னாங்க இது?"

"கடைச் சரக்கு. எப்டி இருக்குதுன்னு கேக்கறாங்க. எனக்குத் தெரியல," என்றேன். பொய் சொல்ல நேரமில்லை.

பாட்டிலை விளக்குப் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். அதன் சிவப்பு அவள் கன்னத்தில் விழுந்தது. வெளியே தூக்கி எறிவாள் என்று காத்திருந்தேன்.

"தொறங்க பாக்கலாம்," என்றாள்.

எதனால் திறப்பது? பள்ளிக்கூடத்து ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து காம்பஸை எடுத்துக் குத்தினாள். முனை வளைந்தது. குடைக்கம்பியால் நான் முயன்றேன். கடைசியில் மோர் கடையும் மத்தின் காம்பை வைத்து அழுத்தினாள். கார்க் பொளக்கென்று உள்ளே விழுந்து, என் வெள்ளைச் சட்டை முழுக்க ஒயின். அவள் சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை.

டீ வடிகட்டியில் வடித்து, ரெண்டு எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினாள். நான் ரெண்டு சொட்டுத் தரையில் விட்டு, மூக்கைப் பிடித்தேன்.

"இன்னாத்துக்கு மூக்கப் புடிக்கிறீங்க? கசாயமா இது? வாசம் பாக்க வேணாமா?"

அவள் முகர்ந்தாள். கொஞ்சமாக வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. நான் காத்திருந்தேன்.

"நாவப்பழம்," என்றாள். "தின்னு முடிச்சப்புறம் நாக்கு ஒரு இழுப்பு இழுக்கும் பாருங்க, அது. அதுக்கப்புறம்... மழ நின்னதும் புளியந்தோப்புல ஒரு வாசம் வருமே, அதுவும் கீது."

நான் இன்னொரு வாய் வைத்துப் பார்த்தேன். இருந்தது. நாவல் இருந்தது, ஈரத் தோப்பும் இருந்தது. அவள் சொல்லும்வரை அது வெறும் புளிப்பாகத்தான் இருந்தது.

ஒயினில் ஒரு விசேஷம், அதை அவசரமாகக் குடிக்க முடியாது. ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். எத்தனை நேரம் சும்மா இருப்பது? பேச ஆரம்பித்தேன். கோவிந்தன் முகம் போன போக்கைச் சொன்னேன். பெட்டி காடியானதைச் சொன்னேன். அவள் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை, பூமி உருண்டை என்றால் கீழே இருப்பவர்கள் ஏன் விழவில்லை என்று கேட்டு அழுததைச் சொன்னாள். மழை நின்று, மேகம் கலைந்து, தூரத்தில் நட்சத்திர ஆபீசின் வெள்ளை உருண்டைக் கூரை ஈரமாகத் தெரிந்தது. அந்த வாசற்படியில் நானும் அவளும் உட்கார்ந்திருந்தது நடந்ததா, கனவா என்று அடுத்த நாள் பஸ்ஸில் இறங்கும்போது எனக்கே சந்தேகம்.

4. செவ்வாய்க்கு ஒரு பாட்டில்

பெட்டிகளில் மூன்று வகை இருந்தது. சிவப்பு, போர்ட் என்கிற இனிப்பு ஒயின், வெள்ளை. அடுத்த செவ்வாய் போர்ட் எடுத்துப் போனேன்.

"கல்யாண வூட்டுக் கேசரி," என்றாள் சரோஜா. "மொத வாயி ஆஹான்னு கீது. மூணாவது வாயி தெகட்டுது. இத மெளகு போட்டு வறுத்த கறியோட குடுத்தா நல்லா இருக்கும்."

வெள்ளைக்கு அவள் நிறைய நேரம் எடுத்துக்கொண்டாள். டம்ளரைப் பானைத் தண்ணீரில் வைத்துக் குளிரவைத்துக் குடித்தாள். "பச்சை மாங்காயக் கடிச்சிக்கினு இருக்கறப்ப பக்கத்துல யாரோ தேங்கா ஒடைச்சா மாதிரி," என்றாள். இப்படி ஒரு சொல்லை நான் எங்கே போய்த் தேடுவது? புதன்கிழமை பஸ்ஸில் இறங்கும்போது அதையே வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்தேன்.

கடையில் என் பேச்சு மாறியது. பிராந்தி மாதிரி என்று சொல்வதை விட்டேன். "இது வேற ஜாதிண்ணே. நிக்காம ஒக்காந்து குடி. தனியா குடிக்காத. நாவப்பழம் தின்னா மாரி இழுக்கும், பயப்படாத," என்பேன். கோவிந்தனுக்கு ஒரு வெள்ளை பாட்டிலைக் கொடுத்து, கிணற்றில் இறக்கிக் குளிரவைக்கச் சொன்னேன். ரெண்டு நாள் கழித்து வந்தார்.

"ஏம்பா, எம்மா நேரம் ஆவுது ஒரு பாட்டில் முடிய! நானும் என் தம்பியும் ஒக்காந்தோம். நெலத் தகராறுல ரெண்டு பேரும் பேசறதே இல்ல. வேற வேல இல்லாததால பேசிட்டோம்."

"தகராறு தீந்துச்சா?"

"எங்க தீரும்? ஆனா பேசினோம். இன்னொண்ணு குடு."

எல்லாரும் மாறிவிட்டார்கள் என்று சொல்லமாட்டேன். பாதிப் பேர் ஒரு தடவை வாங்கிப் பார்த்துவிட்டுத் தங்கள் பிராந்திக்கே திரும்பிவிட்டார்கள். அது அவரவர் நாக்கு. ஆனாலும் பெட்டிகள் குறைந்தன. முதலாளி ஆச்சரியப்பட்டு, டெப்போவில் இன்னும் ரெண்டு புது வகை கேட்டு எழுதினார். யார் ருசி பார்த்துச் சொல்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. வேறு யாருக்கும் தெரியாது என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

5. காளியம்மாவின் தேன்

மலையில் காலி பாட்டில் என்பது சாதாரணப் பொருள் அல்ல. மண்ணெண்ணெய்க்கு வேண்டும், விளக்கெண்ணெய்க்கு வேண்டும், எல்லாவற்றையும்விடத் தேனுக்கு வேண்டும். சரோஜாவின் வீட்டுக்குச் சாமையும் புளியும் கொண்டுவரும் காளியம்மா, மூலையில் பச்சை பாட்டில்களைப் பார்த்துவிட்டாள்.

"டீச்சரம்மா, காலி சீசா குடு தாயி. தேன் ஊத்தறேன்."

சரோஜா கழுவிக் காயவைத்துக் கொடுத்தாள். லேபிளைக் கிழித்துப் போடச் சொன்னாளாம். காளியம்மா கிழிக்கவில்லை. அதில் திராட்சைக் கொத்து படம் போட்டிருந்தது, தங்கக் கலரில் எழுத்து இருந்தது. இவ்வளவு அழகான படத்தை யாராவது கிழிப்பார்களா? படம் போட்ட சீசா என்றால் தேனுக்கும் ஒரு மதிப்பு வரும் என்பது அவள் கணக்கு. கணக்கு தப்பவில்லை, தேன் நன்றாக விற்றது.

அதில் ஒன்றைப் பள்ளி ஹெட்மாஸ்டர் வாங்கினார். சாமிக்குத் தேன் அபிஷேகம் செய்பவர் அவர். பாட்டிலை அப்படியே பூஜை அறையில் வைத்துவிட்டார். கண்ணமங்கலத்திலிருந்து அவருடைய மாமனார் வந்தார். இங்கிலீஷ் படித்த மனிதர். சாமி கும்பிடப் போனவர், விபூதி எடுக்கக் கை நீட்டியவர், பிள்ளையாருக்குப் பக்கத்தில் ரெட் ஒயின் என்று எழுதிய பாட்டிலைப் படித்துவிட்டார். அந்த வீட்டில் அன்று நடந்ததை நான் எழுத வேண்டியதில்லை.

ஹெட்மாஸ்டர் காளியம்மாவைக் கூப்பிட்டு விசாரித்தார். அவள் மறைக்கத் தெரியாதவள். "டீச்சரம்மா வூட்டு சீசா சார் அது. வாரா வாரம் ஒண்ணு கெடைக்குது," என்று சொல்லிவிட்டாள்.

எனக்கு இது தெரிந்தது அடுத்த செவ்வாய், காவலூரில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும். காளியம்மா ஓடிவந்து சொன்னாள். "நான் ஒண்ணும் தப்பா சொல்லல சாமி. கேட்டாரு, சொன்னேன்."

புருஷன் குடிக்கிறான் என்றால் ஊர் உச்சுக் கொட்டிவிட்டுப் போய்விடும். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் டீச்சர் வீட்டில் உட்கார்ந்து ஒயின் குடித்தாள் என்றால், எண்பதுகளில், மலை ஊரில், அவள் தலை நிமிர்ந்து பள்ளிக்கூடம் போக முடியுமா? வேலையே போனாலும் போகும். போனால் என்னால் போனது. அப்புறம் அந்த வாசற்படியில் எனக்கு என்ன இடம் இருக்கும்? கையில் அன்று டெப்போவிலிருந்து வந்த புது வகை ஒன்று இருந்தது. அதைக் காளியம்மாவிடமே கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போகாமல் நேராக ஹெட்மாஸ்டர் வீட்டுக்கு நடந்தேன். போகும் வழியெல்லாம் சொல்லவேண்டிய பொய்யைப் பழகிக்கொண்டே போனேன்.

6. ஹெட்மாஸ்டர் சொன்னது

அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் இருந்த முக்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை.

"சார், அந்த பாட்டிலெல்லாம் நான் குடிச்சது. கடையில வேல செய்றேன், பழக்கமாய்டுச்சி. டீச்சருக்கு அந்த வாடையே ஆவாது சார். அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க."

ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இந்தப் பொய்யச் சொல்லத்தான் மலை ஏறி வந்தீங்களா?"

"சார்..."

"டீச்சரம்மா காலையில பிரேயருக்கு முன்னாடியே வந்து எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. நான் கேக்கறதுக்கு முன்னாடி."

"இன்னா சார் சொன்னாங்க?"

அவர் எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்: "'நானும்தான் குடிச்சேன் சார். கல்யாணம் ஆனதுலருந்து எங்க வூட்டுக்காரரு என்னாண்ட ஒக்காந்து பேசினது இந்தச் செவ்வாக்கெழமைங்கதான். ஊருக்கெல்லாம் பேசிட்டு வூட்டுக்கு வந்து வாயத் தொறக்க மாட்டாருன்னுதான் நான் மலைக்கே வந்தேன். இன்னொரு பாட்டில் கொண்டாந்தாலும் குடிப்பேன். மேலெடத்துக்கு எழுதறதா இருந்தா எழுதிக்குங்க'ன்னாங்க."

நான் முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பிராந்தி வாடை அல்ல. வாடையே அல்ல. ஒரு வருஷம் அவள் எனக்கு எதிரில் சோறு போட்டுவிட்டு என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். ஹெட்மாஸ்டருக்கு முன்னால் அழக்கூடாது என்று தரையைப் பார்த்தேன். அழுகை வந்துவிட்டது.

"எழுதிட்டீங்களா சார்?" என்று ஒருவழியாகக் கேட்டேன்.

"எழுதி? தண்டனைன்னா வாத்தியாருங்கள மலைக்குத்தான் மாத்துவாங்க. டீச்சரம்மா ஏற்கெனவே மலையிலதான் இருக்காங்க. அதுக்கு மேல எங்க அனுப்பறது, நிலாவுக்கா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்தக் காளியம்மாவுக்கு சீசா குடுக்கறப்ப லேபிள நீங்களே சுரண்டிட்டுக் குடுங்க. என் மாமனாரு இன்னும் ஊருக்குப் போகல."

வெளியே வந்தபோது மேகம் இறங்கியிருந்தது. பாதை தெரியவில்லை, கால் தானாக நடந்தது. சரோஜா வாசற்படியில் உட்கார்ந்து பிள்ளைகளின் நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தாள். நான் எங்கே போய்விட்டு வருகிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். கேட்கவில்லை.

"இன்னிக்கு இன்னா கொண்டாந்தீங்க?" என்றாள்.

"ஒண்ணும் கொண்டாரல."

"சரி, ஒக்காருங்க," என்று நோட்டுகளை நகர்த்தி இடம் விட்டாள்.

அன்று எனக்குக் குடிக்க ஒன்றும் இல்லை, ஆனால் பேச்சு நிற்கவில்லை. கடையைப் பற்றி, என் அப்பாவைப் பற்றி, கவுண்டரிலிருந்து அந்த மலையைப் பார்த்துக்கொண்டு நான் நின்ற மாலைகளைப் பற்றி, எல்லாம் சொன்னேன். அந்த மலையில் அவள் இருந்ததால்தான் பார்த்தேன் என்பதையும் சொன்னேன். விடிந்ததும் முதல் பஸ்ஸில் இறங்கினேன், அன்று மாலையே கடைசி பஸ்ஸில் ஏறினேன். அதற்குப் பிறகு அந்தக் கடையில் வேலை செய்த வருஷமெல்லாம் தினமும் அப்படித்தான். முதலாளிக்கு நான் பைத்தியம் என்று தோன்றியது, டிக்கெட் கொடுக்கும் கண்டக்டருக்கும் தோன்றியது.

இன்று கவுண்டரில் நிற்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். புதுச் சரக்கு வந்தால் முதலில் நீங்கள் ருசி பாருங்கள். வந்தவனுக்கு அவன் வழக்கத்தைவிட்டு ஒரு அடி நகர்ந்து பார்க்க ஆசை காட்டுங்கள், விலை குறைவு என்பதால் மட்டமானது என்று எண்ணாதீர்கள். படுக்கவைத்து அடுக்குங்கள். பேசிப் பேசி விற்றுக்கொள்ளுங்கள், அது தொழில். ஆனால் கடையைச் சாத்தும்போது கொஞ்சம் பேச்சை மிச்சம் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். அங்கேயும் ஒருத்தி கேட்பதற்காக உட்கார்ந்திருக்கிறாள்.